போச்சி தி ராக்: கூச்சக்காரியின் கிட்டார்

பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். வாத்தியம் வருகிற எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் விரலுக்குத்தான் போகும். ஜப்பானிய ஸ்டூடியோ குளோவர்வொர்க்ஸ் 2022-இல் எடுத்த இந்த 12 பகுதி அனிமேத் (ஜப்பானிய அனிமேஷன்) தொடரில் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறும்போது கையும் சரியாக நகர்கிறது.

நாயகி ஹிதோரி கோத்தோவுக்கு நாலு பேர் முன்னால் பேசவே நடுக்கம். அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்து இணையத்தில் பேர் வாங்கியவள், டோக்கியோவின் ஷிமோகிதாஸாவாவில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது திணறுகிறாள். எவ்வளவு உண்மை! எங்கள் குழுவுக்கு வரும் பிள்ளைகளும் வீட்டில் வெளுத்து வாங்குவார்கள். ஆராதனையில் ஆர்கனோடு சேர்ந்ததும் தாளத்தை விட்டு முன்னால் ஓடுவார்கள். அடுத்தவர் வாசிப்பைக் கேட்கப் பழகுவதுதான் இந்தத் தொடரின் உயிர்.

கடைசிப் பகுதியில், பள்ளி விழா மேடையில் அவள் கிட்டாரின் முதல் கம்பி அறுந்துவிடுகிறது. இரண்டாவதில் சுருதி நிற்கவில்லை. அவளுடைய இசைக்குழுவில் பாடி, கிட்டாரும் வாசிக்கும் கிதா தன் வாசிப்பை நீட்டி நேரம் வாங்கிக் கொடுக்கிறாள். கோத்தோ ஒரு கண்ணாடிக் குவளையைக் கம்பிமேல் வைத்து இழுக்கிறாள் பாருங்கள், அந்த இழுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நகைச்சுவை சில இடங்களில் நீளம்தான். சரி, இருக்கட்டும். ஹெட்போன் போட்டு, ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். பேஸ் கிட்டார் தனியாகத் தெரியும்.