ஆராதனைக் குழுவுக்குப் பிளானிங் சென்டர் சர்வீசஸ்: பாளையங்கோட்டையில் எப்படி வேலை செய்கிறது?

சனிக்கிழமை ராத்திரி "நாளைக்கு முதலாம் பாடம் யாரு வாசிக்கா?" என்று போன் வராத ஆராதனைக் குழு எங்கேயாவது இருந்தால் அவர்களுக்கு இந்தச் செயலி வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் அந்தப் போன்களெல்லாம் எனக்குத்தான் வரும். கொயர் என்கிற பாடகர் குழு, கீபோர்டு, தபேலா, வேதபாடம் வாசிப்பவர்கள், திரையில் பாட்டு வரி போடும் பையன்கள், ஓய்வுநாள் பள்ளி அக்காமார் என்று எல்லாரையும் கட்டி மேய்க்க வேண்டிய பொறுப்பு.

பிளானிங் சென்டர் சர்வீசஸ், ஆராதனையைத் திட்டமிட உதவும் செயலி; கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடு நகரத்துத் தயாரிப்பு. ஒவ்வொரு ஆராதனைக்கும் ஒரு 'பிளான்' திறந்து, ஒழுங்கை வரிவரியாக அடிக்கலாம்; தமிழிலேயே அடிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் நிமிடம் போட்டால் மொத்த நேரத்தை அதுவே கூட்டிவிடும். பொறுப்புக்கு நேரே பெயரைச் சேர்த்தால் அவருக்கு மின்னஞ்சல் போகும். வருவாரா மாட்டாரா என்று அதிலேயே பதில் சொல்லலாம். ஊரில் இல்லாத தேதிகளை அவரவரே முன்கூட்டி அடைத்து வைக்கும் வசதி உண்டு. கல்யாண சீசனில் அது ஒன்றே போதும், காசுக்குத் தகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாட்டுப் பெட்டகம். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். செயலி கேட்பதோ கீயும் (சுருதி) டெம்போவும் (வேகம்). சரி, என்ன செய்வது என்று பார்த்தால் பாட்டுகளுக்கு நாமே டேக் போட்டுக்கொள்ளலாம். ராகம் என்று ஒரு தொகுதி, தாளம் என்று ஒரு தொகுதி, லெந்து (தவக்காலம்), திருவிருந்து, அறுப்பின் பண்டிகை என்று இன்னொன்று. இப்போது "ஆனந்தபைரவியில் லெந்துக்கு என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் வடிகட்டிக் காட்டிவிடலாம். கார்டு (chord) எழுதிய பாட்டுத் தாளைச் செயலிக்குள் ஒருமுறை அடித்து வைத்தால் வேண்டிய சுருதிக்கு அதுவே மாற்றித் தரும். "அக்கா, அரைக்கட்டை இறக்குங்க" என்று கொயர்ப் பிள்ளைகள் கடைசி நேரத்தில் கேட்டாலும் கீபோர்டுக்காரர் முகம் சுளிப்பதில்லை.

எங்களுக்கு உண்மையிலேயே கைகொடுத்தது பெரிய வெள்ளி. பகல் 12 மணி முதல் 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், வார்த்தைக்கு ஒரு வாசிப்பு, ஒரு தியானம், ஒரு பாட்டு. யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசினாலும் ஏழாம் வார்த்தைக்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டிவரும். "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற நான்காம் வார்த்தைக்குப் பிறகு பாட்டே வேண்டாம், சும்மா இருப்போம் என்று வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் சொன்னான். எங்கள் சபைப் போதகரான ஐயரும் சம்மதித்தார். பிளானில் அதற்குத் தனி வரி: 'மௌனம், 3 நிமிடம்', நேரே ஒருவர் பெயர். பெயர் இல்லாத மௌனத்தை யாராவது இருமி, கீபோர்டுக்காரர் பதறி, முடித்துவைத்துவிடுவார்கள். ஆராதனை நடக்கும்போது இப்போது எந்த வரி, எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஓடும் திரையைக் குழுவில் எல்லாரும் தங்கள் போனிலேயே பார்க்கலாம்.

இனி குறை. இது கற்பனையைக் கொண்டுவராது. டெம்ப்ளேட் வசதி இருப்பதால் போன வாரத்தையே நகலெடுத்துப் பாட்டை மட்டும் மாற்றச் சொல்லிக் கை துறுதுறுக்கும். அதனால் எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு: அந்த ஞாயிற்றின் கருப்பொருளையும் பாடங்களையும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும்வரை லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டீயும் முறுக்கும், பேச்சு. அப்புறம்தான் செயலி. நாடகமா, வசனத்தை ஆளுக்கொரு வரியாக வாசிப்பதா, பீடத்தில் என்ன வைப்பது எல்லாம் அந்த மேசையில்தான் பிறக்கிறது.

பெரியவர்களுக்கு மின்னஞ்சல் ஒத்துவராது. எங்கள் தபேலா தாத்தா, "ஏம்மா, நீ ஒரு போன் போட்டா வரமாட்டேனா? இதுக்கு எதுக்கு பட்டன அமுக்கச் சொல்லுத?" என்றார். நியாயம்தான். அவருக்கு இன்றும் போன்தான். 'வருகிறார்' என்று நானே குறித்துவிடுகிறேன்.

மிகச் சின்னக் குழுவுக்கு இலவசத் திட்டம் உண்டு. ஆள் கூடக்கூட மாதக் கட்டணமும் கூடும், அதுவும் டாலரில். ஒரே ஆராதனை, பத்துப் பேருக்குள் ஆட்கள் என்றால் வாட்ஸ்அப் குழுவும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும். காலையில் தமிழ், அடுத்து ஆங்கிலம், சாயங்காலம் வாலிபர் ஆராதனை என்று ஓடும் சபைக்குத் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் கேட்பதற்கு முன்னால் டாலரை ரூபாயாக மாற்றி, வருஷக் கணக்காகவே எழுதிக்கொண்டு போங்கள். பொருளாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.