மூன்றாம் மாடியா, தரைத்தளமா, முதியோர் குடியிருப்பா?

அப்பா போன பிறகு அம்மா எங்கே இருப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. கையில் மூன்று வழி இருந்தது. ஒன்று, நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி ஃப்ளாட். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. இரண்டு, அதே ஏரியாவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன போர்ஷன். மூன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்துவிட்ட முதியோர் குடியிருப்புகளில் ஒன்று. அம்மா முதலில் எங்களோடு மாடியில் இருந்தார். இப்போது தரைத்தள போர்ஷனில் இருக்கிறார். கோயம்புத்தூர் இடத்தைப் போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான்.

பணக்கணக்கு அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி. ஆஸ்பத்திரி எத்தனை தூரம், பாத்ரூமில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா என்பதையெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். நான் சொல்ல வருவது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாடிப்படியைப் பற்றி.

முட்டிவலி உள்ளவருக்கு மூன்று மாடி இறங்கி ஏறுவது முடியாத காரியம் இல்லை. கோயிலுக்கு, டாக்டரிடம், கல்யாணத்துக்கு என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவோம். நின்றுபோவது சின்னச் சின்ன இறக்கங்கள்தான். கீரைக்காரம்மா குரல் கேட்டதும் வாசலுக்குப் போவது, கோலம் போடுவது, இஸ்திரி வண்டிக்காரரிடம் ‘நேத்து ஏன் வரல’ என்று கேட்பது. இதற்காக யாரும் மூன்று மாடி இறங்க மாட்டார்கள், துணைக்கு வா என்று கூப்பிடவும் தயங்குவார்கள். ஒரு நாளில் அம்மா பேசும் ஆட்கள் அப்படித்தான் குறைந்துபோனார்கள். நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை டிவிதான். மதியம் தூங்குவார், ராத்திரி முழித்திருப்பார். விடிகாலை வெளிச்சம் உடம்பில் படாமல் போனால் தூக்க நேரம் குழம்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதோடு விழுந்துவிடுவோமோ என்ற பயம். பயத்தில் நடை குறையும், நடை குறைந்தால் கால் தளரும், கால் தளர்ந்தால் பயம் இன்னும் கூடும்.

முதியவர்களின் மனச்சோர்வை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் 15 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. வெளியே போவதைவிட வீட்டிலேயே இருப்பது பிடிக்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி. அம்மா யோசிக்காமல் ‘ஆமாம்’ என்றார். அது மனசு சொன்ன பதிலா, முட்டி சொன்ன பதிலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முதியவர்களில் சுமார் நான்கில் ஒருவர் தனிமையாலோ ஒதுங்கிப்போவதாலோ பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நடுவில் இருப்பவரும் அந்தக் கணக்கில் சேரலாம் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

தரைத்தள போர்ஷன் பெரிய வீடு இல்லை. ஒரு அறை, சமையலறை, கிரில் போட்ட சின்ன வராந்தா. ஆனால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே படி, அதற்கும் பக்கத்தில் கம்பி வைத்தாயிற்று. காலையில் பால் பாக்கெட்டை எடுக்க வருபவர், எதிர்வீட்டு மாமியிடம் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே போகிறார். வராந்தாவில் உட்கார்ந்து பூ தொடுக்கிறார். தெருவில் போகிறவர்கள் ‘என்ன மாமி, சாப்டாச்சா’ என்று கேட்காமல் போவதில்லை. ஆஞ்சநேயர் கோயிலுக்குத் தானே ஆட்டோ பிடித்துப் போய் வருகிறார். ராத்திரித் தூக்கம் முன்னைக்குப் பரவாயில்லை. இதெல்லாம் வீட்டால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். அப்பா போன துக்கம் நாளாக ஆறியதும், டாக்டர் கொடுத்த மருந்தும் அதில் சேரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால் எந்த வீட்டில் இருந்தாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டும் இருக்கின்றன.

தரைத்தளத்துக்குக் குறை இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதனால் மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தோம். கொசு உண்டு. அம்மாவை ராத்திரி தனியே படுக்க விடுவது எனக்கு இன்னும் உறுத்தல்தான். அதனால் பெரியவன் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறான்.

முதியோர் குடியிருப்பைப் பற்றிப் பார்த்ததை வைத்து மட்டும்தான் சொல்ல முடியும். சாய்தளம், அகலமான கதவு, கூப்பிட்டால் வரும் நர்ஸ், ஒரே வயதுக்காரர்களின் பேச்சுத்துணை என்று, படிக்கணக்கில் பார்த்தால் எங்கள் போர்ஷனைவிட அதுதான் மேல். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அம்மாவுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எழுபதைத் தாண்டியவர் எல்லாரையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது சுலபமாக வரும், அம்மா அந்த ரகம் இல்லை.

தரைத்தள வீடு தேடிப் பார்த்தால் கஷ்டம் தெரியும். பழைய தனி வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டும்போது கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தப் போய்விடுகிறது. வீடு முதல் மாடியில்தான் ஆரம்பிக்கிறது. எங்களுக்குக் கிடைத்ததும் 11 மாத ஒப்பந்தம்தான். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் அவரும் பில்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டைக் கொடுத்துவிட்டால் மறுபடி அலைய வேண்டியதுதான். அப்போதும் இந்த மூன்று நான்கு தெருவுக்குள்ளேயே பார்ப்பதாக இருக்கிறோம். வாடகை கூடினாலும் சரி, அறை சின்னதானாலும் சரி.