சின்ன பட்ஜெட்டில் கப்பல் கேபின்: ஏழு பயணங்களுக்குப் பிறகு

சிங்கப்பூரிலிருந்து இதுவரை ஏழு தடவை குடும்பத்தோடு கப்பலில் போய் வந்துவிட்டோம். முதல் பயணம் 2014 டிசம்பர், கடைசியாகப் போனது 2024 ஜூன். ஏழில் ஐந்து தடவை ஜன்னலே இல்லாத இன்சைட் கேபின், ஒரு தடவை உயிர்காப்புப் படகு மறைத்த ஜன்னல், ஒரே ஒரு தடவை பால்கனி. சூட் என்ற சொகுசு அறைகள் பக்கம் போனதே இல்லை, அதற்கான வசதியும் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: காசு குறைவாக இருக்கும்போது எந்த ரக கேபின் என்று பார்ப்பதற்கு முன்னால், அது கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் என் மனைவி ஒன்றரை நாள் படுக்கையில் கிடந்திருக்க வேண்டியதில்லை.

அந்த முதல் பயணத்தில் நாங்கள் வாங்கியது ‘கேரண்டி’ கேபின். இன்சைட் என்ற ரகம் மட்டும் உறுதி, எந்த டெக் (கப்பலின் மாடி), எந்த அறை என்பதைக் கப்பல்காரர்கள் பிறகு அவர்களாக ஒதுக்குவார்கள். எண் தெரியாமல் வாங்குவதால் விலை கொஞ்சம் குறையும். நாலு பேருக்கும் சேர்த்து எங்களுக்கு நூற்றுச் சொச்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மிச்சமானது. கிடைத்த அறை கீழ் டெக்கில், கப்பலின் மூக்குப் பக்கம், நடைவழியின் கடைசிக் கதவு. டிசம்பரில் தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று பலமாக வீசும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. சிங்கப்பூரை விட்டுத் தாய்லாந்து வளைகுடாவை நோக்கி ஏறிய முதல் இரவிலேயே தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டது. அலை அடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதவை ஓங்கிச் சாத்துவது போலக் கேட்கும். மனைவிக்கு வாந்தி நிற்கவே இல்லை. கோ சாமுய் தீவுக்கு வந்தபோது கப்பலைக் கரையில் கட்டவில்லை, தள்ளி நின்று சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கினார்கள், அதற்காக விடிகாலையில் நங்கூரத்தைப் போட்டார்கள். சங்கிலி இறங்கிய சத்தத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். மிச்சம் பிடித்த நூறு வெள்ளிக்கு அது ரொம்பப் பெரிய விலை.

வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவது பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா மாதிரி, நுனியில் இருப்பவருக்குத்தான் ஆட்டம் அதிகம், நடுவில் கம்பி பொருத்திய இடம் அவ்வளவாக அசையாது. பக்கவாட்டில் சாய்ந்து ஆடுவது உயரம் போகப் போகக் கூடும், தென்னை உச்சியில் காற்று தெரிகிற மாதிரி. பெரிய கப்பல்களுக்கு அடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன, அவை இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய உதவி இல்லை. ஆக நடுவில், கீழ் டெக்கில் இருக்கும் அறைக்குத்தான் ஆட்டம் குறைவு. நல்ல விஷயம் என்னவென்றால் கீழ் டெக் பெரும்பாலும் விலையும் குறைவு. உயரம் கூடக் கூடத்தான் அதே அளவு, அதே கட்டில் உள்ள கேபினுக்கு அதிகம் வாங்குகிறார்கள். தலைசுற்றல் வருகிற ஆளுக்கு மலிவான அறைதான் நல்ல அறை, நடுவில் கிடைத்தால்.

2016-ல் அறை எண்ணைப் பார்த்து, நட்ட நடுவில் கீழ் டெக்கில் எடுத்தோம். போர்ட் கிளாங், பினாங்கு, திரும்ப சிங்கப்பூர். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் ஒரு பக்கம் மலேசியாவும் அணைபோல நிற்கும் கடல், பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். மனைவி ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. இடமும் வழித்தடமும் இரண்டும் சேர்ந்து செய்த வேலை அது, கேபினுக்கு மட்டும் முழுப் புகழையும் கொடுத்துவிட முடியாது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்ற தைரியத்தில் 2017-ல் எடுத்த அறை வேறு ஒரு பாடம் சொன்னது. நடுவில்தான் எடுத்தேன், ஆனால் தலைக்கு மேலே நீச்சல்குளத் தளம். காலை ஐந்து மணிக்கு ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடுவார்கள், ஒவ்வொன்றும் எங்கள் கூரையில் கீறும். பாவம், அவர்கள் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். வரவேற்பில் கேட்டோம், கப்பல் நிறைந்துவிட்டது, மாற்று அறை இல்லை என்றார்கள். அதிலிருந்து டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு டெக்கின் வரைபடத்தை, பார்க்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். நம் டெக்கை மட்டும் பார்த்தால் போதாது. மேல் டெக், கீழ் டெக் இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து, நம் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கேபின்கள்தானா என்று பார்க்க வேண்டும். மேலே பஃபே, நீச்சல்குளம், ஜிம், சமையல்கட்டு இருந்தால் வேண்டாம். கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் இரவு ஒரு மணி வரை டமடமவென்று தரை அதிரும். படத்தில் எந்தப் பெயரும் இல்லாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தையும் நம்பாதீர்கள், அது ஊழியர்களின் சாமான் அறையாக இருக்கலாம், தள்ளுவண்டி சத்தம் ஓயாது. இரண்டு அறைகளை இணைக்கும் உள்கதவு இருந்தாலும் பக்கத்து அறைப் பேச்சு முழுக்கக் கேட்கும். லிஃப்டுக்கு ஒட்டினாற்போலவும் வேண்டாம், ஏழெட்டுக் கதவு தள்ளி இருந்தால் நடக்கவும் எளிது, கூட்டத்தின் சத்தமும் வராது.

சரி, இன்சைட் கேபினுக்குள் வாழ்வது எப்படி? அளவு பொதுவாக 150 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. எனக்கு அது பிடித்துவிட்டது, மதியம் இரண்டு மணிக்குக்கூட நடு இரவு போலத் தூங்கலாம், ஆனால் காலை எட்டா நாலா என்று உடம்புக்குத் தெரியாது. பல கப்பல்களில் டிவியில் ஒரு சேனல் கப்பலின் முகப்புக் கேமராவை அப்படியே காட்டும். சத்தத்தை அணைத்துவிட்டு அதை இரவு முழுக்க ஓட விடுவேன், விடியும்போது திரையும் வெளுக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுவார்கள். சுவர் பெரும்பாலும் உலோகம், காந்தக் கொக்கிகள் நாலைந்து கொண்டுபோனால் ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் தொங்கவிடலாம், தரையில் நடக்க இடம் கிடைக்கும். குளியலறைக்குச் சின்ன இரவு விளக்கு ஒன்று. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, மின்னழுத்தம் திடீரென ஏறுவதைத் தடுக்கும் (சர்ஜ் புரொடெக்டர்) பல முனை பிளக் இரண்டையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நாலு பேரும் ஒரே அறையில் என்றால் பிள்ளைகளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மடக்குக் கட்டில்தான். மூன்றாவது, நாலாவது ஆளுக்கு டிக்கெட் குறையும், சில நேரம் ரொம்பவே குறையும். ஆனால் துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான டிப்ஸும் தலைக்கு இத்தனை என்று முழுசாக வரும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலையில் இவை பல நேரம் இருப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டி, நாள் கணக்கில் வகுத்த பிறகுதான் இரண்டு கப்பல்களை ஒப்பிட வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். விலை எல்லாமே ஒரு அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் போடுவதால், என் தங்கை தனியாகப் போனபோது ஏறக்குறைய இரண்டு பேர் காசைக் கட்டினாள். ஒற்றை ஆளுக்கென்றே கட்டிய சின்ன அறைகள் சில கப்பல்களில் உண்டு, நார்வீஜியன் எபிக் என்ற கப்பல் 2010-லேயே 128 அறைகளை அப்படி வைத்துத்தான் வந்தது. தனியாகப் போகிறவர்கள் முதலில் அப்படிப்பட்ட கப்பலைத் தேடுங்கள்.

2021-ல் போனது வித்தியாசமான பயணம். கொரோனா காலம், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல்கள் மட்டும் ஓடின, அதுவும் பாதி ஆட்களோடு. குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் இன்சைட் அறையிலேயே தரையிலிருந்து கூரை வரை 80 அங்குலத் திரை, வெளியே கேமரா பிடிக்கும் கடலை அப்படியே காட்டும். அதை ‘வர்ச்சுவல் பால்கனி’ என்கிறார்கள். காற்று வராது, உப்பு வாசனை வராது, ஆனாலும் அறைக்குள் அடைந்த உணர்வு போய்விட்டது. அதே கம்பெனியின் வாயேஜர் ரகக் கப்பல்களில் உள்ளே இருக்கும் கடைத்தெருவைப் பார்க்கும் ஜன்னலோடு இன்சைட் அறைகள் இருக்கின்றன. அங்கே இரவில் பாட்டும் ஊர்வலமும் நடக்கும், சின்னப் பிள்ளை சீக்கிரம் தூங்க வேண்டிய வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காசுக்கு நிறைவாகத் தோன்றியது 2019-ல் எடுத்த படகு மறைக்கும் ஜன்னல். இன்சைட் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. பாதி ஜன்னலை ஆரஞ்சு நிறப் படகின் முதுகு அடைத்துக்கொண்டு நின்றது, அதற்கு மேலே ஒரு முழம் வானமும் கடலும். பகல் வெளிச்சம் தாராளமாக வந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. எவ்வளவு மறைக்கும் என்பது அறைக்கு அறை மாறும், அதே எண் அறையின் படத்தை யாராவது போட்டிருக்கிறார்களா என்று தேடிவிட்டு எடுங்கள்.

அப்புறம் பால்கனி. 2023-ல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி, டெக் டெக்காக ஏறி இறங்க முடியாது. “சன்னல் இல்லாத ரூம்ல எனக்கு மூச்சு முட்டும்ப்பா” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் பால்கனி எடுக்கக் காசு இல்லை. அதனால் அம்மாவுக்கும் மகளுக்கும் பால்கனி, நடைவழிக்கு எதிர்ப்பக்கம் நேர் எதிர் அறையில் நாங்கள் மூன்று பேரும் இன்சைட். இரண்டு பால்கனி எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஐந்நூறு வெள்ளிக்கு மேல் குறைவு, ஆனால் பால்கனி ஐந்து பேருக்கும் கிடைத்தது, காலை டீ எல்லாருக்கும் அம்மா அறையில்தான். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டும், நாங்கள் லிட்டில் இந்தியா வரை நடந்து போய்வந்தோம், அம்மா வராமல் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருத்தப்படுவாரோ என்று நினைத்தேன், திரும்பி வந்தபோது எத்தனை படகு போனது என்று எண்ணி வைத்திருந்தார். அவரைப் போல அறையிலேயே அதிக நேரம் இருக்கப் போகிறவர்களுக்கு பால்கனிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. காலையிலிருந்து இரவு வரை வெளியே சுற்றும் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஏலம் மாதிரி காசு சொல்லி அறையை உயர்த்திக்கொள்ளும் முறையை ஒரு தடவைகூட முயலவில்லை. உயர்ந்த ரகம் கிடைத்தாலும் இடத்தை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். தேடித் தேடி எடுத்த நடு அறையைக் கொடுத்துவிட்டு மூக்கில் போய் உட்கார எனக்கு மனமில்லை.

வரும் பள்ளி விடுமுறைக்கு மறுபடி பினாங்கு, புக்கெட் போடுகிறோம், அம்மாவும் வருகிறார். எதிரெதிர் அறைகள், மேலும் கீழும் கேபின்கள், லிஃப்டிலிருந்து எட்டாவது கதவு, எல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான், போன தடவை வலப்பக்கம் அறை, மலேசியக் கரை விளக்குதான் தெரிந்தது, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கவே முடியவில்லை, இந்தத் தடவை எந்தப் பக்கம் என்று. போகும்போது சுமத்ரா பக்கம் பார்த்த மாதிரி இடதுபக்கம் எடுத்திருக்கிறேன்.