இரவல் போகாத புத்தகங்கள்: மின்நூல் கருவியோடு எட்டு ஆண்டுகள்

2017 ஜூன் மாதம் வாங்கிய ஆறு அங்குல மின்நூல் கருவி இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவை மறுவீட்டு விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாமியார் வீட்டைப் பற்றிச் சொல்லும் கருத்து மாதிரி. எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இனி எழுதலாம் என்று தோன்றியது. எந்த நிறுவனத்தின் கருவி என்பது வேண்டாம். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

நான் தினமும் சிங்கப்பெருமாள்கோயிலில் ஏறி எழும்பூரில் இறங்குபவள். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம். காலை வண்டியில் உட்கார இடம் கிடைப்பது லாட்டரி. ஒரு கை மேலே கைப்பிடியில் தொங்கும். இன்னொரு கைக்குள் அடங்கும் புத்தகத்தைத்தான் படிக்க முடியும். ஐந்நூறு பக்க நாவலை அப்படிப் பிடித்து, கட்டை விரலால் பக்கம் புரட்டிப் பார்த்தவர்களுக்கு நான் இந்தக் கருவியை ஏன் வாங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் திரை. கைப்பேசித் திரை கண்ணுக்குள் விளக்கடிக்கிறது. இது தாளைப் போல வெளி வெளிச்சத்தை வாங்கித் திருப்புகிறது. தலைமுடியின் பருமன் அளவுள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே இறங்கும். ஒரு முறை எழுத்து உருவாகிவிட்டால் அது அப்படியே நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போதுதான் செலவு. மின்கலம் வாரக்கணக்கில் நிற்பதன் ரகசியம் இதுதான். கூடுவாஞ்சேரி தாண்டி ஜன்னல் வழியாகச் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கைப்பேசிக்காரர்கள் எல்லாம் கையால் நிழல் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். எட்டு ஆண்டில் இந்த மகிழ்ச்சி மட்டும் குறையவே இல்லை.

தேய்மானம் பற்றிச் சுருக்கமாக: தொடக்கத்தில் மூன்று வாரம் தாங்கிய மின்கலம் இப்போது ஆறு நாள் தாங்குகிறது. சார்ஜ் செய்யும் துளை ஆடுகிறது. இருட்டில் படிக்கத் திரை ஓரத்தில் வைத்த விளக்குகளில், கீழ் மூலையில் ஒன்று மங்கிவிட்டது. முந்தைய பக்கத்து எழுத்தின் நிழல் சில சமயம் அடுத்த பக்கத்திலும் தங்குகிறது. ஒரு முறை சாம்பார் சாதத்தோடு ஒரே பையில் போயிருக்கிறது. பிழைத்துக்கொண்டது.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

இந்தக் கருவியைச் செய்தவர்கள் தமிழை ஓர் உபசாரத்துக்காகச் சேர்த்தார்கள் என்பதே என் கணிப்பு. எழுத்து தெரிகிறது, உடையவில்லை, கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் நிற்கின்றன. அதற்கு மேல் எதுவும் யோசிக்கப்படவில்லை. நம் சொற்கள் நீளமானவை. சொல்லை எங்கே வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்று என் கருவிக்குத் தெரியாது. ஆகவே 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் அதை அப்படியே கீழே தள்ளிவிட்டு, மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இரு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டுகிறது. நடுவில் மாட்டு வண்டி போகலாம். இரு பக்கமும் சீராக்கும் வசதியை அணைத்துவிட்டால் கொஞ்சம் நிம்மதி. கவிதை படிப்பதானால் எழுத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கவிஞர் முறித்த இடம் ஒன்று, கருவி முறித்த இடம் வேறொன்று.

அகராதி இன்னொரு வேதனை. ஆங்கிலச் சொல் மேல் விரல் வைத்தால் பொருள் வருகிறது. தமிழ்ச் சொல் மேல் வைத்தால், அது எந்த வேற்றுமை உருபும் ஏற்காமல் மொட்டையாக நின்றால்தான் வரும். எந்த எழுத்தாளர் நமக்காக மொட்டைச் சொற்களாக எழுதுகிறார்?

பழைய கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் உண்மையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டவை. பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளியே ஆங்கிலத்தின் அரைப்புள்ளிதான். அப்படிப்பட்ட ஒரு கோப்பை மின்நூலாக மாற்றிக் கருவியில் ஏற்றினால் முகமூடி கழன்றுவிடும். பக்கம் முழுவதும் ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடக்கும். மாற்றுக் கருவிகள் இருக்கின்றன, பொறுமை இருந்தால் சரிசெய்யலாம். ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக வரும் பிடிஎஃப் புத்தகங்களை ஆறு அங்குலத் திரையில் படிக்க முயல வேண்டாம். எழுத்துகள் எறும்பு ஊர்வது போல இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்கள் இந்த எட்டு ஆண்டில் வியக்கும்படி முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் துணைக்காலையும் (ா) ரகரத்தையும் மாற்றி வாசிக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. பாவம், நாமே அந்தக் குழப்பத்தில் பள்ளியில் அடி வாங்கியவர்கள்தானே.

இனி அப்பா. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். கூடவே கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. யார், எந்தப் புத்தகம், எடுத்த தேதி, திருப்பிய தேதி என நான்கு பத்திகள். நான்காவது பத்தியில் பாதி காலியாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி சாப்பிடப் போகிற சாக்கில் அந்தந்த வீடுகளுக்குப் போய், பேச்சோடு பேச்சாக அலமாரியை நோட்டம் விட்டுத் தன் புத்தகத்தை மீட்டுக்கொண்டு வருவார்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குச் சிரமமானது. கருவியை அவரிடம் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் வரும். அவருக்கு அது போதும். மதுரைத் திட்டத்திலிருந்து நிறைய ஏற்றிக் கொடுத்தேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருக்கும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய முயற்சி அது. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்புகளை மின்நூலாக்க நான் பயன்படுத்துவது காலிபர் என்ற கட்டற்ற மென்பொருள். கோவித் கோயல் 2006இல் தொடங்கியது. இன்றும் அடிக்கடி புதிய பதிப்பு வருகிறது. என் கருவிக்கு அதன் நிறுவனமே புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்டது. காசு வாங்காத மென்பொருள் மட்டும் இன்னும் அதைக் கைவிடவில்லை.

ஒரு நாள் அப்பா ஒரு புது நாவலைக் கருவியில் படித்து முடித்துவிட்டு, "இதைப் பக்கத்து வீட்டு சாருக்குப் படிக்கக் கொடுக்கலாமா அம்மா?" என்று கேட்டார். கருவியையே கொடுத்தால்தான் உண்டு என்றேன். "அப்படியானால் பாரதி பாடல்கள்?" அதைத் தாராளமாக அனுப்பலாம். பாரதியின் எழுத்துக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. யாரும் படியெடுக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "காசு கொடுக்காமல் எடுத்ததை ஊருக்கே கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கியதை ஒருவருக்குக் கூடக் கொடுக்க முடியாது. இதை வாங்கினோம் என்று எப்படிச் சொல்வது?"

சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. நாம் பெறுவது படிக்கும் உரிமம். 2009 ஜூலையில் அமேசான், விற்பனைக்கு வைத்தவருக்கு அந்த உரிமையே இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பியது. பழைய புத்தகக் கடைக்காரர் ராத்திரியில் வந்து அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசையில் பணத்தை வைத்துவிட்டுப் போனால் நாம் போலீசுக்குப் போவோம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது: உரிமம் மட்டும் தருகிற கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. சொல்லில் நேர்மை வந்ததே பெரிது.

எனக்கும் ஒரு சிறு அனுபவம். பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்று முடங்கியதால், அதைக் கொண்டு ஒரு மின்நூல் கடையில் வாங்கியிருந்த நாற்பது சொச்சம் புத்தகங்கள் ஒன்பது நாள் எட்டாமல் போயின. எழுதி எழுதி மீட்டேன். அந்த ஒன்பது நாளும் அப்பாவின் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

இதை எல்லாம் சொன்னால் அலுவலகத் தோழி ஒருத்தி உடனே, "அதற்குத்தான் டெலிகிராம் இருக்கிறதே" என்பாள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வெளியான நூல், மார்ச்சுக்குள் பிடிஎஃப் ஆகிக் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்புபவர்கள் தாங்கள் இரவல் கொடுப்பதாகவே நம்புகிறார்கள். நானும் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படி நம்பி இறக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தியது ஒழுக்கத்தால் அல்ல. தெரிந்தவர் ஒருவர் சிறு பதிப்பகம் நடத்துகிறார். முதல் அச்சே சில நூறு பிரதிகள்தான். அவருடைய கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்று என் கருவியில் இருப்பது நினைவுக்கு வந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு யோசித்ததில், இரவல் என்ற சொல்லை அந்தக் குழுக்களுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. இரவல் கொடுத்தவரின் அலமாரியில் ஓர் இடம் காலியாகும். அந்தக் காலி இடம் உறுத்துவதால்தான் அப்பா காபி குடிக்கக் கிளம்பினார். ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிட்டுத் தன்னிடமும் வைத்துக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். திருட்டு என்ற பெயரும் முழுதாகப் பொருந்தாது; எடுத்த இடத்தில் பொருள் அப்படியே இருக்கிறதே. பதிப்பாளர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் இருபது ஆண்டுகளாக மறுபதிப்பே காணாத நூலை ஒருவர் ஒளிவருடி வைத்தால், அவரையும் டெலிகிராம் குழுக்காரர்களையும் ஒரே கூண்டில் நிறுத்த என்னால் முடியவில்லை.

சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1964இல் மறைந்தவரின் எழுத்து, வாழும்போதே வெளியாகியிருந்தால், 2025 ஜனவரி 1 அன்று விடுதலை ஆனது. 1965இல் மறைந்தவரின் எழுத்துக்கு அந்த நாள் 2026 ஜனவரி 1தான், அவர் புத்தகம் எங்குமே கிடைக்காவிட்டாலும். அதே சட்டத்தில் சில ஜன்னல்களும் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கில், பாடத்துக்கான படியெடுப்பு தவறாகாது என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வத்திடமிருந்தோ வந்த உரிமை அல்ல என்றும் அதில் எழுதினார். மேல்முறையீடெல்லாம் நடந்து, 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. கல்லூரிக் காலத்தில் பாடப் புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டுக்கொண்ட என் போன்றோருக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது பழைய கடன் ஒன்று தள்ளுபடி ஆன மாதிரி இருந்தது.

இப்போது என் நடைமுறை இப்படி ஆகியிருக்கிறது. பொதுவுடைமை நூல்களும், ஆசிரியர்களே படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில், யாரும் பகிரலாம் என்று தரும் இலவச நூல்களும் கருவிக்குள். ரயிலில் ஒரு முறை படித்துவிட்டு மறந்துவிடக்கூடிய நாவல்களைக் காசு கொடுத்துக் கருவியில் வாங்குகிறேன். அதை வாடகை என்றே வீட்டுக் கணக்கில் எழுதுகிறேன். பிடித்துப்போன புத்தகத்தை அச்சிலும் வாங்குகிறேன். இரண்டு முறை காசா என்றால், ஆமாம். யாருக்காவது கொடுக்க வேண்டுமே.

கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நின்றுகொண்டே பயணம் செய்பவர்கள், பார்வை மங்கிய பெரியவர்கள் வாங்கலாம். ஆராய்ச்சிக்காக ஒளிவருடிய நூல்களைப் படிப்பவர்கள் பத்து அங்குலத் திரைக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம். யூனிகோடு மின்நூலைக் கம்பி வழியாக நேரடியாக ஏற்ற முடிகிற கருவிதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். மின்கலத்தை மாற்ற ரிச்சி தெருவுக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்று நானும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் நோட்டை இப்போது நான்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சாரின் பேத்தி கடைசியாக ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் போனாள். மூன்று மாதமாகிறது. வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குக் காபிக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.