மேடை உடைக்கு அளவெடுக்க ஃபைபர்கிளாஸ் இன்ச் டேப்

இசைக் கலைஞர்களுக்கு நின்றபடி ஒருமுறை, வாசிக்கும் நிலையில் ஒருமுறை என இரண்டு தடவை அளவெடுக்க வேண்டும். 150 செ.மீ. ஃபைபர்கிளாஸ் டேப் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. துணி டேப்பைப் போல நாளடைவில் நீள்வதில்லை. ஆனாலும் வாங்கியதும் ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து 30, 60, 100 செ.மீ. கோடுகளைச் சரிபாருங்கள், டேப் நுனியிலுள்ள உலோகத் தகடு தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால் எல்லா அளவும் பிசகும்.

வயலின்காரரை வில்லோடு வாசிக்கும் நிலையில் நிறுத்தி, முதுகின் குறுக்களவை அக்குள் மடிப்பிலிருந்து மறு மடிப்பு வரை எடுங்கள். கை தொங்கும்போது வரும் அளவு இதைவிடக் குறைவு. அதை நம்பித் தைத்தால் முதுகுத் தையல் பிரியும். அதற்காகக் கைக்குழியை (சட்டையில் கை இணைக்கும் வளைவை) கீழே இறக்கி வெட்டுவது தவறான வைத்தியம். கை தூக்கினால் சட்டையே மேலேறிவிடும். கைக்குழி அக்குளை ஒட்டியே இருக்கட்டும், தளர்வை முதுகில் கொடுங்கள்.

கை நீளம், தோள் முனையிலிருந்து மடக்கிய முழங்கை வழியாக மணிக்கட்டு எலும்பு வரை. இங்கேதான் இந்த டேப் சோதிக்கிறது: வழவழப்பால் முழங்கையில் நழுவும். விரலால் அழுத்திப் பிடிக்காமல் முடியாது.

குழல் வாசிப்பவருக்கு மூச்சை முழுதாக இழுத்த நிலையில் மார்பும் கீழ்விலாவும். டிரம்ஸ், செல்லோ என்றால் உட்காரவைத்து இடுப்பும் தொடையும்.

மடித்து வைத்தால் விரிசல் விடும், சுருட்டியே வையுங்கள். ஒருபக்கம் அங்குலம், மறுபக்கம் செ.மீ. உள்ளதை வாங்கினால் புரளும்போது எண் மாறிப்போகும், கவனம்.