காலண்டர் அட்டையில் எழுதிய வீட்டுச் சொற்கள்: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ‘வீட்டுப் பொருள்கள்’ என்ற பட சார்ட் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன். அதில் சோபாவும் வாஷிங் மெஷினும் இருந்தன. எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் முறமும் உலக்கையும் களி கிண்டும் துடுப்பும் இல்லை. ஒரே மாதத்தில் அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, பழைய காலண்டர் அட்டைகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, பெயர்களை எழுதி, அந்தந்தப் பொருளிலேயே கட்டிவைத்தேன். அந்த அட்டைகளைப் பற்றியதே இப்பதிவு.

ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை ஈரம் பட்டுக் கரைந்துபோனதால் அழியாத மார்க்கருக்கு மாறினேன். செல்லோ டேப் சமையலறை ஆவியில் உரிந்தது. மைதாப் பசையைக் கரப்பான்பூச்சி தின்றது. கோணூசியால் துளையிட்டுச் சாக்கு நூலால் கட்டியவை மட்டுமே நிலைத்தன.

முதல் சிக்கல் எழுத்துக்கூட்டலில் வந்தது. வீட்டில் நாங்கள் கொடம், தொடப்பம், வெளக்கு, வெறகு, ஒலக்கை என்றுதான் பேசுகிறோம். அட்டையிலோ குடம், துடைப்பம், விளக்கு, விறகு, உலக்கை என்று இருக்கிறது. “கொடத்த எதுக்கும்மா குடம்னு எழுதியிருக்க?” என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு கூர்ந்து பார்த்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது: சொல்லின் முதலில் உகரமோ இகரமோ நின்று, அடுத்த எழுத்து அகர அல்லது ஐகார ஓசையுடன் வந்தால், பேச்சில் உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் மாறுகிறது. புளி, குழி போன்றவை மாறாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே. இந்த விதியைக் குழந்தைக்குச் சொல்லவில்லை. மாறும் சொற்களின் அட்டைகளில் முதல் எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதினேன். இரண்டு மாதங்களில் அவளாகவே பிடித்துக்கொண்டாள். ஆனால் அதன்பின் கொத்தமல்லியையும் ‘குத்தமல்லி’ என்று திருத்தி எழுதத் தொடங்கிவிட்டாள். அது தெளிய மேலும் சில வாரங்கள் ஆயின.

பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். அவள் அரும்பில் இருந்தவரை பெயர் அட்டைகள் நன்றாகவே உதவின. சொற்றொடர் எழுதும் கட்டம் வந்ததும் அவற்றின் குறை வெளிப்பட்டது. நாற்பது பொருள்களின் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரிந்த குழந்தை, ‘குடம்இல் தண்ணீர் உள்ளது’ என்று எழுதினாள். குடம் குடத்தில் என்றும், வீடு வீட்டில் என்றும், கிணறு கிணற்றில் என்றும் உருமாறுவது பேசும்போது தானாக வந்துவிடுகிறது. அட்டையைப் பார்த்து எழுதும்போது வருவதில்லை. எனவே ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் ‘குடத்தில், குடத்தை’ என்று இரண்டு வடிவங்களைச் சேர்த்தேன். தொடக்கத்திலேயே இதைச் செய்யாமல் ஓராண்டை வீணாக்கியது என் தவறு.

வினைச்சொற்களைக் கட்டித் தொங்கவிட இடமில்லை என்பதால் அவற்றை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவைத்தோம். மாலையில் ஒரு பொருளையும் ஒரு வினையையும் எடுத்து, இரட்டைக்கோடு நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘அம்மா களி கிண்டுது’ என்று பேசிப் பழகியவள் ‘அம்மா களி கிண்டுகிறது’ என்று எழுதினாள். ‘கிண்டுகிறாள்’ என்று திருத்தியபோது, அம்மாவை அப்படி எழுதலாமா என்று தயங்கினாள். ‘கிண்டுகிறார்’ என்றதும் ஏற்றுக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் பூனையும் பால் குடித்தார். நான் உடனே திருத்தவில்லை. திணை வேறுபாட்டை இதைவிட நன்றாக விளக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கத்து வீட்டுச் சிறுவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன். எங்கள் மாவட்டத்தில் இது இயல்பானதே. அவனுக்குத் துடைப்பம் ‘சீப்புரு’, கதவு ‘தலுப்பு’. பொருளோடு சேர்த்துச் சொல்லைப் பார்ப்பதால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு ஏற்படவில்லை. பேச்சுவழக்கின் குறுக்கீடு இல்லாததால் ‘குடம்’ என்பதை என் மகளைவிட விரைவாகச் சரியாக எழுதினான். ஆனால் சொல் ‘இல்’, ‘ஐ’ போன்ற உருபு ஏற்கும்போது, காதில் விழுந்து பழகிய வடிவம் இல்லாததால் அவன் கூடுதலாகத் திணறினான். அட்டையின் பின்புறம் அவனுக்கே அதிகம் பயன்பட்டது.

குறைகளும் உண்டு. ல, ள, ழ வேறுபாட்டுக்கு இந்த முறை எந்த வகையிலும் உதவவில்லை. அதற்கு உரக்கப் படிக்க வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தவிர, மூன்று மாதங்களுக்கு மேல் ஒரே இடத்தில் தொங்கும் அட்டையைக் குழந்தையின் கண் பார்ப்பதே இல்லை. இப்போது மாதந்தோறும் பத்து அட்டைகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டிவிடுகிறேன். தவறான பொருளில் தொங்கும் அட்டையை என் இளைய மகன் கண்டுபிடித்துச் சரியான இடத்தில் கட்ட வேண்டும். நேற்று உலக்கையில் ‘தலையணை’ என்று தொங்கியதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார்.