ஊட்டி சீசன் பஸ்: சுற்றுப் பேருந்து பாஸ், கடைசி நடை ஃபெயில்

கோடை சீசனுக்கு ஊட்டியில் செய்யப்படும் அரசுப் பேருந்து ஏற்பாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் மதிப்பெண் போட முடியும். சமவெளியிலிருந்து மேலே ஏற்றிவிடும் சிறப்பு வண்டிகள் ஒன்று. ஊருக்குள் பூங்கா, படகு இல்லம் என்று கொண்டுபோய் விடும் சுற்றுப் பேருந்து இன்னொன்று. இவை இரண்டும் ஓடும்போது ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட்டுகளுக்கும் போகிற வழக்கமான வண்டி என்ன ஆகிறது என்பது மூன்றாவது. சுற்றுலா வருபவர்கள் நட்சத்திரம் போடுவது முதல் இரண்டுக்குத்தான். ஏற்பாட்டின் யோக்கியதை தெரிவது மூன்றாவதில்.

மேலே ஏறும் வண்டியில் பெரிய குறை இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸும் வேண்டாம், பார்க்கிங் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மே மாதத்தில் காரைக் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ விட்டுவிட்டு பஸ் ஏறுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். கோவையில் காந்திபுரம் போய் நிற்காதீர்கள்; மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் பஸ் ஸ்டாண்டுதான் ஊட்டி வண்டிக்கு.

மேட்டுப்பாளையத்தில் கூட்டம் ஒரே அலையாக வரும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் வந்து நின்றதும், மலை ரயிலில் இடம் கிடைக்காத அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வண்டிகளை முன்கூட்டியே வரிசையில் நிறுத்தி, ஆள் நிரம்ப நிரம்ப எடுத்துவிட்டால் கூட்டம் கரைந்துவிடும். கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு கால் மணிக்கு ஒன்று என்று விட்டால் ஒன்பது மணி வரைக்கும் கரையாது. இந்த இடத்தில் அட்டவணையை மறந்துவிடுவதுதான் சரியான திட்டமிடல்.

சீசனில் சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழி ஏற்பாடு அறிவிக்கப்படும். நீங்கள் ஏறும் பஸ் எந்த வழி என்பதைச் சீட்டு வாங்கும் முன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் முன்பக்கச் சீட்டைப் பிடியுங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் உள்ள கடைசி வரிசை கொண்டை ஊசி வளைவில் அதிகம் வீசும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் எவர்சில்வர் பாட்டிலோடு ஏறுங்கள்.

அடுத்து சுற்றுப் பேருந்து. அண்மைச் சீசன்களில் பெரியவர்களுக்கு 100 ரூபாய், நாள் முழுக்க ஒரே சீட்டு. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, டீ மியூசியம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கி, பார்த்துவிட்டு, பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். நான்கு பேர் குடும்பம் ஒரு டாக்ஸிக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு. ஐந்துக்கு நாலு தாராளமாகத் தரலாம். பிடித்து வைக்கும் அந்த ஒரு மதிப்பெண் மாலை நேரத்துக்கு. மூன்றரை மணிக்கு மேல் தாவரவியல் பூங்கா வாசலில் நிற்பவர்களுக்கு வந்து சேரும் வண்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். வளையத்தில் எங்கே ஏறினாலும் ஒரே சீட்டு என்பதால், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது வண்டி அனுப்புபவருக்குத் தெரியாது. மாலையில் மட்டும் இரண்டு வண்டியைக் காலியாகப் பூங்காவுக்கே அனுப்பி அங்கிருந்து எடுத்தால் தீரும் பிரச்சினை இது.

பயணிகள் செய்யக்கூடியது: முதல் வண்டியிலேயே தொட்டபெட்டா போய்விடுங்கள். 2,637 மீட்டர் உயரச் சிகரம், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பூங்காக்களை நடுப்பகலில் முடித்து, படகு இல்லத்தைக் கடைசியாக வையுங்கள். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிடலாம், மாலை நெரிசலில் பஸ்ஸைவிட முன்னால் வந்து சேருவீர்கள். பெண்களுக்கான கட்டணமில்லா விடியல் பயணம் மலைப்பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது சாதாரணக் கட்டண வண்டிக்கு. சுற்றுப் பேருந்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

இனி அந்த மூன்றாவது விஷயம்.

சீசன் ஏற்பாடு என்றதும் செய்தியில் வருவது ஒரே ஒரு எண்: இத்தனை கூடுதல் பேருந்துகள். மலையில் அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. ஊட்டி - குன்னூர் தடத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 19 கிலோமீட்டர். ஒரு நடைக்கு (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு ஓட்டம்) 50 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தம் என்று வைத்தால், ஒரு வண்டி போய்த் திரும்பி மறுபடி கிளம்ப 2 மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 12 வண்டி போதும். சீசன் நெரிசலில் அதே நடை 80 நிமிடம் ஆகிவிட்டால் சுற்று 3 மணி நேரம். அதே பத்து நிமிட இடைவெளிக்கு 18 வண்டி வேண்டும். நாலு வண்டி கூடுதலாக விட்டு 16 ஆக்கினாலும் இடைவெளி 11 நிமிடத்தைத் தாண்டும். அதாவது நாலு பஸ் கூட விட்டும், நிறுத்தத்தில் நிற்பவருக்குச் சாதாரண நாளைவிட மோசம். “ஸ்பெஷல் விட்டிருக்கோம்” என்று அலுவலகம் சொல்வதும் உண்மை, “பஸ்ஸே வரல” என்று ஜனங்கள் சொல்வதும் உண்மை.

அந்தக் கூடுதல் அரை மணி எங்கே போகிறது என்று பார்க்க குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். இடம் குறுகல், பக்கத்திலேயே ரயில்வே கேட். மலை ரயில் வந்தால் கேட் விழும். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வந்த வண்டிகள் ஒரு பக்கம், ஊட்டியிலிருந்து இறங்கியவை மறுபக்கம் என்று வால் நீளும். கேட் திறந்ததும் முதலில் நுழைவது கார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்ப வேண்டிய பஸ், எதிரே வெளியே வரப் பார்க்கும் பஸ்ஸுக்காக நிற்கும். அதன் பின்னால் மறுபடி ஒரு வால். கோடையில் சிறப்பு மலை ரயில்களும் ஓடுவதால் கேட் விழுவதும் கூடுதல். ரயில் நேரமும் பஸ் நேரமும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தால், கேட் விழும் நிமிடத்தில் கிளம்பும்படி எந்த நடையையும் யாரும் போட மாட்டார்கள். ஊட்டிக்குள் சேரிங் கிராஸும் தொட்டபெட்டா சந்திப்பும் இதே கதைதான்.

நேரம் நீண்டால் அடுத்து அடிபடுவது டியூட்டி. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961-இன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை; நாளுக்கு 8 மணி என்பது இப்போதும் மாறவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்காமல் நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆறு நடைக்கென்று போட்ட டியூட்டி நாலாவது நடையிலேயே நேரம் தின்றுவிட்டால் மீதி என்ன ஆகும்? ஒன்று ஓவர்டைம், இல்லை நடை ரத்து. மலையிறக்கத்தில் கண் சொக்கும் டிரைவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ரத்துதான் ஆகும், அதுவும் பெரும்பாலும் கடைசி நடை.

அந்தக் கடைசி நடை எது என்பதில்தான் வினை. பல தடங்களில் அது நைட் ஹால்ட் வண்டி: இரவு ஊருக்குப் போய்த் தங்கி, விடிந்ததும் அங்கிருந்தே முதல் நடையாகக் கிளம்பும். ராத்திரி வண்டி போகவில்லை என்றால் காலை வண்டியும் இல்லை. ஒரு நடையை வெட்டியதாக ஏட்டில் இருக்கும். ஊரில் இரண்டு வெட்டு. மஞ்சூரைத் தாண்டி கிண்ணக்கொரை வரைக்கும் நீளும் மாதிரியான தூரத் தடங்களில், நாளுக்குச் சில நடையே உள்ள இடத்தில், அந்தக் காலை நடையில்தான் மருத்துவமனைக்குப் போகிறவரும் மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வருகிறவரும் ஏறுவார்கள். ஆகவே இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்றரை. அரை மதிப்பெண் டிரைவர், கண்டக்டர்களுக்காக.

“கீழேயிருந்து பத்து வண்டி அனுப்பினால் ஆச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. அது அவ்வளவு சுலபமில்லை. மலைத் தடத்து வண்டிகள் பொதுவாக நீளம் குறைந்தவை. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதைக்கெல்லாம் சின்ன வண்டிதான் தோது. நீளமான வண்டி ஒரு வளைவில் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பினால் பின்னால் இருபது கார் நிற்கும். டிரைவருக்கும் மலைப் பழக்கம் வேண்டும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதைச் சமவெளியில் ஓட்டியவர் கை உடனே கேட்காது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் லைனர் கருகும் வாசம் பஸ்ஸுக்குள் வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போது அரை கிளட்சில் பிடித்துவைப்பதால் கிளட்ச் பிளேட் தேயும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் சரியில்லாத வண்டி முதலில் ஆவி கக்குவது சீசனில்தான். ஏப்ரல் பிறக்கும் முன் லைனர், கிளட்ச், ரேடியேட்டர் மூடி மூன்றையும் பார்த்துவிடுவது எந்தக் கூடுதல் வண்டியைவிடவும் பலன் தரும்.

வண்டி வேறெங்கேயும் தேட வேண்டாம், கையிலேயே இருக்கிறது. மே மாதம் பள்ளி விடுமுறை. பள்ளி நேரத்துக்கென்றே ஓடும் நடைகள் அப்போது பாதி காலி. கண்டக்டரின் டிக்கெட் மெஷினில் எந்த ஸ்டேஜில் (கட்டணம் மாறும் நிறுத்தம்), எத்தனை மணிக்கு, எத்தனை சீட்டு என்பது பதிவாகிறது. போன மே மாதப் பதிவை எடுத்து இரண்டு வேலை செய்தால் போதும். ஒன்று, உண்மையில் ஒரு நடைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் காலை, நடுப்பகல், மாலை என்று தனித்தனியாகப் பார்த்து, சீசனுக்கென்று தனி ஓட்ட நேரம் எழுதுவது. இரண்டு, வெட்டக் கூடாத நடைகளை முதலில் பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது: நைட் ஹால்ட், விடிகாலை எஸ்டேட் வண்டி, அரசு மருத்துவமனை நேரத்து வண்டி. அவற்றுக்கு வண்டியும் ஆளும் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதைத்தான் சீசனுக்குத் தர வேண்டும். இப்போது வரிசை தலைகீழ். மலர்க் கண்காட்சி தொடக்க நாள் மாதிரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடும் நாளுக்கும், சாதாரணத் திங்கள்கிழமைக்கும் ஒரே பட்டியல் போடுவதும் வீண்.

கூடவே மாற்று ஆள். மாலை நான்கு மணிக்குக் குன்னூரில் இரண்டு ஜோடி டிரைவர், கண்டக்டர்கள் காத்திருந்தால், டியூட்டி நேரம் தீர்ந்த வண்டியை அங்கேயே கைமாற்றி ஓட்டலாம், நடை தப்பும். ஸ்பேர் வண்டியையும் ஊட்டி டிப்போவில் மூடி வைப்பதற்குப் பதில் பாதி வழியில் நிறுத்தலாம். நெரிசலில் ஊட்டியிலிருந்து கிளம்பும் ஸ்பேர், பழுதான வண்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மெக்கானிக் வேலையை முடித்திருப்பார்.

அறிவிப்பு விஷயம் சுருக்கமாக: பஸ் ஸ்டாண்டுப் பலகையில் இருப்பது சாதாரண நாளின் நேரம். சீசனில் அதை நம்பாமல் பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் குறிக்கும் டைம் கீப்பரிடம் கேளுங்கள், எந்த வண்டி எங்கே மாட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மாலை ஐந்துக்கு மேல் மேட்டுப்பாளையம் இறங்கி இரவு ரயில் பிடிப்பவர்கள் வழக்கமான நேரத்தோடு குறைந்தது ஒன்றரை மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள்.

இன்னொன்று. லவ்டேல் வரைக்கும், கேத்தி வரைக்கும் என்று இரண்டு ஸ்டாப்புக்காக ராத்திரி வண்டியில் ஏறுவதற்கு முன் போர்டைப் படித்துவிடுங்கள். தூரத்து ஊர்ப் பெயர் போட்ட நைட் ஹால்ட் வண்டியாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த குன்னூர் பஸ்ஸில் போங்கள். உங்களுக்குப் பத்து நிமிடத்திலோ அரை மணியிலோ இன்னொன்று வரும். அந்த ஊர்க்காரருக்கு அடுத்தது நாளைக்குத்தான்.